அண்ணிக்குப் படித்துக் காட்டாத கதை

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி என்றால் இன்றைக்கும் என் கண் எதிர்வீட்டுப் பக்கம் போகும். எதிர்வீட்டுக் கூடத்தில் ஒரு பச்சை ஃபோன் இருந்தது. அதன்மேல் பூப்போட்ட துணி, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அண்ணி அந்த நாற்காலியில் உட்காரவே மாட்டாள். பத்தே முக்காலுக்கே போய்ச் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிடுவாள். அவள் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் வாசற்படியில் நிற்பேன். மணி அடித்ததும் எதிர்வீட்டு அம்மா எடுத்து, "ஒக்க நிமிஷம்" என்று தெலுங்கில் சொல்லி அண்ணியிடம் நீட்டுவார். வெள்ளிக்கிழமைதான் அங்கே லீவு என்பதால் அன்றைக்குக் குவைத்திலிருந்து பேசும் அண்ணனின் குரல் வாசல்வரை கேட்கும்.

"இன்னாமே, இன்னைக்கி இன்னா கொழம்பு?"

எப்போதும் முதல் கேள்வி அதுதான். குழந்தை எப்படி இருக்கிறது, மழை பெய்ததா, பம்புசெட் ஓடுகிறதா என்பதெல்லாம் அப்புறம்.

"மொச்சக்கொட்ட, கத்திரிக்கா போட்டு புளிக்கொழம்பு மாமா. களி கெளறி வெச்சிக்கீறேன்."

"எனக்குஞ் சேத்து ரெண்டு வாய் துன்னு."

"துன்றேன், துன்றேன்."

குழம்பு நான் வைத்தது. களியும் நான் கிளறியது. தெருவைக் கடக்கும்போது, "இன்னா பாப்பா வெச்சே இன்னைக்கி?" என்று என்னைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் அண்ணி ஃபோனுக்கே போவாள். வாரத்தின் மற்ற ஆறு நாளும் அவள் பகலில் வீட்டில் இருப்பதில்லை. விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு வேன் ஏறி, தடா பக்கத்தில் வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்புகிற கம்பெனிக்குப் போவாள். காலர் வைக்கிற மிஷின் அவளுடையது. சாயங்காலம் ஐந்தரைக்குத் திரும்புவாள். கம்பெனியில் எல்லோருக்கும் ஞாயிறு லீவு. ஆனாலும் ஆர்டர் நெருக்கடிக்காக ஞாயிறன்றும் பாதி மிஷின்கள் ஓடும். சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுகிறேன், வெள்ளிக்கிழமை மட்டும் விட்டுவிடுங்கள் என்று அவள் ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். கூட வேலை செய்த பெண்கள் அதை அம்மன் விரதம் என்று நினைத்தார்கள். ஒருத்தி இவளிடம் குங்குமம்கூட வாங்கிக்கொண்டு போனாளாம். அண்ணி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அண்ணனுக்கு இதில் எதுவும் தெரியாது. தெரியவே கூடாது என்பதுதான் அந்த வீட்டின் முதல் சட்டம். எங்கள் நைனாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். ஒரு நடவு நாளில் அரை மணி நேரம் தாமதமாகப் போனதற்காக அம்மாவை வரப்பிலேயே சாயங்காலம்வரை நிற்க வைத்தார்களாம். அப்போது அண்ணனுக்கு ஏழு வயது. அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருக்கிறார். அப்புறம் எங்களுக்கும் ஒன்றரை ஏக்கர் பட்டா வந்தது. அதை வைத்துக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் போர் போட வேண்டும், மோட்டார் வாங்க வேண்டும் என்று அண்ணன் குவைத்துக்குக் கிளம்பினார். கிளம்பும்போது அண்ணியிடம் சொன்னதை நானும் கேட்டேன். "என் வூட்டுப் பொம்பள இன்னொருத்தன் எதிர்ல கை கட்டி நிக்கக் கூடாது. அதுக்குத்தான் நா போறேன். நின்னேன்னு தெரிஞ்சிது, உன் அம்மா வூட்டுக்கே போய்டு. திரும்பி வராத." அண்ணன் கோபக்காரர் இல்லை. சொன்னால் சொன்னதுதான் என்கிற ரகம், அது கோபத்தைவிட மோசம்.

அப்படியும் அண்ணி ஏன் போனாள்? வீட்டில் கஷ்டம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. அண்ணன் அனுப்பிக்கொண்டுதான் இருந்தார். பக்கத்துத் தெருப் பெண்ணுக்குத் துணையாக ஒருநாள் கம்பெனியைப் பார்க்கப் போனவள் அங்கேயே சேர்ந்துவிட்டு வந்தாள். "ஒரு ரூம்புல எரநூறு மிஷினு ஓடுது பாப்பா. அந்தச் சத்தம் எனக்குப் புடிச்சிக்கீது. அங்க நீ எவன் பொண்டாட்டி, எவன் பொண்ணுன்னு ஒருத்தருங் கேக்கல. பேரச் சொல்லிக் கூப்புடறாங்க" என்றாள். கல்யாணமானதிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நானும்தான்.

இப்போது என்னைப் பற்றி. கட்டிக்கொடுத்த இடம் ஒத்துவராமல் ஒரே வருஷத்தில் அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள் நான். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி ஆந்திராவில், நாராயணவனத்திலிருந்து சத்தியவேடு போகிற சாலையில் எங்கள் ஊர். ஊரில் பேசுவது தமிழ், படிப்பது தெலுங்கு. பள்ளிக்கூடம், ரேஷன் கார்டு, எம்.ஆர்.ஓ. என்கிற தாசில்தார் ஆபீஸ் மனு எல்லாமே தெலுங்கு. நான் மட்டும் திருத்தணியில் மாமா வீட்டில் தங்கிப் பத்தாவதுவரை தமிழில் படித்துவிட்டேன். அதனால் ஊரில் எனக்குப் படிக்கத் தெரியாதவள் என்று பெயர். யாராவது ஒரு விண்ணப்பப் பாரத்தைக் கொண்டுவந்து நீட்டும்போது, எனக்குத் தெலுங்கு எழுத்து வராது என்று நான் சொன்னால், "பத்தாவது படிச்சி இன்னா புண்ணியம்?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அந்தப் பத்தாவதை வைத்துக்கொண்டு நான் கதை எழுதிக்கொண்டிருந்தேன்.

எழுத்தாளர் என்றால் ஏதோ பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அண்ணியை வேன் ஏற்றி, குழந்தையைப் பால்வாடியில் விட்டு, உலையை இறக்கி வைத்த பிறகு கிடைக்கிற மூன்று மணி நேரம்தான் என் எழுத்து. கார்பன் வைத்து அழுத்தி எழுதியதில் விரல் காய்த்துப் போயிருந்தது. தமிழ்ப் பத்திரிகை எங்கள் பக்கம் எங்கேயும் கிடைக்காது. மலைக்கு வருகிற தமிழ் யாத்ரீகர்களுக்காகத் திருப்பதி ஸ்டேஷன் கடையில் ஐந்தாறு தொங்கும். மாதத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறிப் போய் அங்கே நின்றுகொண்டே புரட்டுவேன். என் கதை வந்திருந்தால் இரண்டு பிரதி வாங்குவேன். வரவில்லை என்றால் கடைக்காரர் முறைப்பதற்குள் வைத்துவிட்டுத் திரும்புவேன். பெருமாளைப் பார்க்காமல் ஸ்டேஷனோடு திரும்பி வருகிறவள் நான் ஒருத்திதான் என்று அண்ணி கிண்டல் செய்வாள்.

அவள்தான் என் ஒரே வாசகி. வாசகி என்பது தப்பு, ஏழாவதுவரை தெலுங்கில் படித்தவளுக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. வெள்ளிக்கிழமை ஃபோன் முடிந்து சாப்பிட்டதும் காலை நீட்டிப் படுத்துக்கொள்வாள். நான் அந்த வாரம் எழுதியதைப் படிப்பேன். கண்ணை மூடிக்கொண்டே, "அந்த மாமியாக்காரி இவ்ளோ சீக்கிரம் அடங்கமாட்டா பாப்பா" என்பாள். அவள் சொன்னது சரியாகத்தான் இருக்கும். கம்பெனிக் கதைகள், வேன் கதைகள், அவளுடைய பயங்கள், எல்லாவற்றையும் என்னிடம்தான் கொட்டுவாள். நான் கேட்டுக்கொண்டே மனசுக்குள் குறித்துக்கொள்வேன். அவளுக்கும் அது தெரியும் என்றுதான் அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஊரில் ஒருத்தருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது என்பது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று எழுதுகிறவர்களுக்குத்தான் புரியும். பங்காளிச் சண்டை, ஓடிப்போன பெண், கோயில் தர்மகர்த்தாவின் தில்லுமுல்லு என்று எல்லாவற்றையும் எழுதினேன். யாரைப் பற்றி எழுதினேனோ அவர் வீட்டிலேயே உட்கார்ந்து அச்சான கதையைக் கையில் வைத்துக்கொண்டு காபி குடித்திருக்கிறேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்பார்களே, அந்தப் பூனை நான்தான். அந்தத் தைரியத்தில்தான், கணவன் வெளிநாட்டில் இருக்க அவனுக்குத் தெரியாமல் கம்பெனிக்குப் போகிற ஒரு பெண்ணின் கதையையும் எழுதினேன்.

எல்லாவற்றையும் மாற்றினேன். குவைத்தைத் துபாய் ஆக்கினேன், சட்டையைச் செருப்பு ஆக்கினேன், பெண் குழந்தையை ஆண் குழந்தை ஆக்கினேன். ஃபோனை மட்டும் மாற்ற மனசு வரவில்லை. "இன்னா கொழம்பு?" என்று அவன் கேட்பதையும், "எனக்குஞ் சேத்து ரெண்டு வாய் துன்னு" என்று அவன் சொல்வதையும் அச்சு அசலாக அப்படியே வைத்தேன். மாற்றி எழுதிப் பார்க்காமல் இல்லை. எப்படி எழுதினாலும் அந்த இடம் செத்துப்போனது. அது அண்ணன் தன் பெண்டாட்டிக்கு மட்டும் சொன்ன பேச்சு, நான் வாசற்படியில் நின்று ஒட்டுக்கேட்டது. தெரிந்துதான் வைத்தேன். நல்ல வாக்கியம் ஒன்று கிடைத்துவிட்டால் எழுதுகிறவளுக்கு அண்ணன் ஏது, அண்ணி ஏது.

முதலில் எழுதிய கதையில் அந்தப் பெண் கடைசிவரை வேலைக்குப் போய்க்கொண்டேதான் இருந்தாள். அனுப்பிய வாரப் பத்திரிகையிலிருந்து கதை திரும்பி வந்தது. நன்றாக இருக்கிறது, குடும்பங்கள் படிப்பதால் முடிவை மட்டும் மாற்றித் தந்தால் போடலாம் என்று ஒரு துண்டுச் சீட்டு. யாருக்கும் கைகட்டாமல் சுயமாக எழுதுகிறவள் என்று எனக்குள் ஒரு கர்வம் இருந்ததே, அது இரண்டு நாள்தான் தாங்கியது. மூன்றாம் நாள் அந்தப் பெண்ணைக் கம்பெனி அடையாள அட்டையை அடுப்பில் போட வைத்து, ஊருக்கு வந்த கணவனின் காலில் விழுந்து அழ வைத்து, புத்தூர் தபால் ஆபீசில் சேர்த்துவிட்டு வந்தேன். இந்த ஒரு கதையை மட்டும் அண்ணிக்குப் படித்துக் காட்டவில்லை. வெள்ளிக்கிழமை அவள் படுத்துக்கொண்டு, "இன்னா, இந்த வாரம் ஒண்ணும் எழுதலியா?" என்று கேட்டபோது தலைவலி என்று சொன்னேன்.

கதை வந்தது. ஸ்டேஷன் கடையில் பார்த்தேன், படம் போட்டு மூன்று பக்கம். சந்தோஷத்தில் அன்றைக்கு மட்டும் மலையடிவாரத்து அலிபிரிவரைக்கும் நடந்து ஒரு சூடம் ஏற்றிவிட்டு வந்தேன். ஒன்றரை மாதம் ஓடிப்போனது. ஒரு வெள்ளிக்கிழமை ஃபோன் வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. லைன் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று எதிர்வீட்டு அம்மா சொன்னார். அண்ணி பன்னிரண்டு மணிவரை அந்தச் சுவரோரமே உட்கார்ந்திருந்தாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. அண்ணன் இறங்கினார். ஒரே ஒரு பை. வழக்கமாகக் கொண்டுவருகிற போர்வை இல்லை, சென்ட் பாட்டில் இல்லை.

"எங்க அவ?"

"நாராயணவனம் கோயிலுக்குப் போய்க்கீதுண்ணா."

"எப்ப வருவா?"

"சாயங்காலம் ஆவும். அபிஷேகம் கீதாம்."

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் பையை இறக்கி வைத்தார். குளித்தார். மகளை மடியில் வைத்துக்கொண்டார். குழந்தைக்கு மூன்று வயது, எந்த நிமிஷத்தில் 'அம்மா வேனு' என்று சொல்லிவிடுமோ என்று அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டை வைத்தேன். அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "இன்னைக்கி இன்னா கொழம்பு பாப்பா?" என்று கேட்டார். அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று கேட்ட விதத்திலேயே எனக்குப் புரிந்துபோனது.

சாப்பிட்டுவிட்டு நாற்காலியைத் தெருவைப் பார்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அண்ணிக்குத் தகவல் சொல்ல ஒரு வழியும் இல்லை. கம்பெனி ஃபோன் நம்பர் எனக்குத் தெரியாது, சாலை முனைக்குப் போய் நிற்கலாம் என்றால் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று குடத்தைத் தூக்கினேன். "எல்லாக் கொடமும் ரொம்பித்தானே கீது, உக்காரு" என்றார். அண்ணி கழுத்திலிருந்து கம்பெனி அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினால் போதும், மீதியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லா சாமிக்கும் வேண்டிக்கொண்டேன்.

வேன் சரியாக ஐந்தரைக்கு முனையில் நின்றது. அண்ணி அட்டையோடுதான் இறங்கினாள். நாலு எட்டு வைத்த பிறகுதான் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். நின்றாள். கை தானாகக் கழுத்துக்குப் போனது, பிறகு கீழே இறங்கிவிட்டது. அட்டை தொங்கியபடியே நடந்து வந்து, "எப்ப வந்தே மாமா?" என்றாள்.

அவர் எழுந்து உள்ளே வந்தார். பாஸ்போர்ட்டைத் திறந்து, அதற்குள் மடித்து வைத்திருந்த மூன்று பக்கத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். பத்திரிகையிலிருந்து கிழித்த பக்கங்கள். "படி" என்றார். அந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதானே.

படிக்க ஆரம்பித்தேன். அவருக்கு முழுசாக ஞாபகம் இருக்காது, அண்ணி கேட்டதே இல்லை, படிக்கிறபோதே மாற்றிவிடலாம் என்று பேய்த்தனமாக ஒரு யோசனை வந்தது. முதல் பத்தியில் கம்பெனி வேனைப் பஸ் ஆக்கினேன். ஃபோன் வருகிற இடத்தைத் தாண்டி அடுத்த பத்திக்குப் போனேன். அண்ணன் சும்மா இருந்தார். அண்ணிதான் கையை நீட்டி நிறுத்தினாள்.

"பாப்பா, உன் கண்ணு ஒரு எடத்துல நிக்குது, வாயி வேற எடத்துல ஓடுது. இத்தினி நாளு உங்கிட்ட கத கேட்டவளுக்கு இது கூடவா தெரியாது? எழுதினத எழுதின மாதிரி படி."

படித்தேன். குழம்பையும் படித்தேன், இரண்டு வாயையும் படித்தேன். என் குரலே எனக்கு அசிங்கமாக இருந்தது. அண்ணி என் முகத்தைப் பார்க்கவில்லை, காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் அட்டையை அடுப்பில் போட்டுக் காலில் விழுந்து அழுவதுவரை படித்து முடித்தேன்.

"நா எப்ப பாப்பா அட்டைய அடுப்புல போட்டேன்?"

"அது... கததானே அண்ணி."

"மிச்சமெல்லாம் நானு. அது மட்டுங் கதயா?"

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "மாமா, கடசில படிச்சது பொய்யி. அதுக்கு முன்னாடி படிச்சதெல்லாம் நெசம். ரெண்டு வருசமா போறேன். நாளைக்கும் போவேன். அந்தே." அவ்வளவுதான் என்பதற்கு எங்கள் ஊரில் எல்லோரும் சொல்கிற தெலுங்கு வார்த்தை அது. அவள் சொன்னால் அதற்குமேல் பேச்சு கிடையாது.

அம்மா வூட்டுக்குப் போ என்று சொல்லப் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அண்ணன் என்னிடம்தான் பேசினார்.

"எங்க ரூம்புல புதுக்கோட்டக்காரன் ஒருத்தன் கீறான். வெள்ளிக்கெழம சோறு துன்னுட்டு பழைய பொஸ்தகம் எதனா படிப்பான், எல்லாருங் கேப்போம். இதப் படிச்சான். பதினோரு பேரு. பொண்டாட்டி தண்ணி காட்டறா, இவன் ரெண்டு வாய் துன்னுன்றான் பாருன்னு உருண்டு உருண்டு சிரிச்சானுங்க. நானுஞ் சேந்து சிரிச்சேன் பாப்பா. சிரிக்கலன்னா நாந்தான்னு தெரிஞ்சிடும்." என் கையிலிருந்த பக்கங்களை வாங்கி மடித்தார். "அத நா அவகிட்ட மட்டுந்தான் சொன்னேன்."

அண்ணி அழவில்லை. கழுத்து அட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். கை கழுவிவிட்டு வந்து அவருக்குத் தட்டு வைத்தாள்.

மறுநாள் காலை முனையில் வேன் ஹாரன் அடித்தபோது அண்ணன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். டிபன் பாக்ஸோடு அண்ணி வெளியே வந்தாள். "போறியா?" என்றார். "போறேன்" என்றாள். வேன் இரண்டாவது தடவை ஹாரன் அடித்தது. அவர் வழி விடவும் இல்லை, மறிக்கவும் இல்லை. அவரைச் சுற்றிக்கொண்டு போனாள். சாயங்காலம் அவள் பெட்டி தெருவில் இருக்கும் என்று பகல் முழுக்க அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணன் அதைத் தொடவில்லை. பத்து நாளில் குவைத்துக்குத் திரும்பிப் போனார். வெள்ளிக்கிழமை ஃபோனும் பழையபடி வந்தது. குழந்தை எப்படி, மழை உண்டா, பம்புசெட் ஓடுகிறதா என்று கேட்டார். குழம்பைப் பற்றி மட்டும் அப்புறம் அவர் கேட்கவே இல்லை. அண்ணி ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, அவர் பேச்சை முடித்த பிறகும் கொஞ்ச நேரம் காத்திருப்பாள்.

என்னை அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். எண்ணெய் வைத்துவிட்டாள், காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள், தபால் தலை வாங்கி வந்து தந்தாள். ஆனால் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வேனில் கூட வருகிற ஊத்துக்கோட்டைப் பெண் ஒருத்தியைப் பிடித்து, போகிற வழியில் அ, ஆ எழுதக் கற்றுக்கொண்டாள். எட்டு மாதத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்கு வந்தபிறகு என் முன்னால் வந்து நின்றாள். "இனிமே நீ எதை எழுதினாலும் என் கண்ணுல பட்டுட்டுத்தான் போஸ்டு டப்பாவுக்குப் போவணும். அந்தே."

அன்றிலிருந்து இருபது வருஷத்துக்கும் மேலாக அப்படித்தான். இப்போது போஸ்டு டப்பா இல்லை, கம்ப்யூட்டரில் அடித்து அனுப்புகிறேன், புத்தகத்தை நானே அச்சுப் போட்டு நானே பார்சல் கட்டுகிறேன். என்றாலும் முதலில் ஒரு பிரதி அவளிடம் போகிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்து வரிவரியாகப் படிப்பாள். படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மேஜையில் வைத்துவிட்டுப் போவாள். நன்றாக இருக்கிறது என்றோ அந்த மாமியாக்காரி அடங்கமாட்டாள் என்றோ ஒரு சொல் கிடையாது. அவள் கம்பெனியிலிருந்து நின்று நாளாகிறது. அண்ணனும் ஊருக்கே வந்து ஒன்றரை ஏக்கரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இருவரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். நான் அதே வீட்டில் பக்கத்து அறையில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இதுவரை நீங்கள் படித்ததையும் அவளிடம் கொடுத்தேன். மூன்று நாள் திரும்பி வரவில்லை. நேற்றுக் காலை கையில் காகிதத்தோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அழலன்னு எழுதிக்கீறியே பாப்பா."

"நீ அழலியே அண்ணி. நா பாத்துக்கினுதானே இருந்தேன்."

"வூட்ல அழல. மறுநாளு வேன்ல அழுதேன். சத்தியவேடு வர்ற வரைக்கும் அழுதேன். முனை திரும்பற வரைக்கும் டிரைவர் பக்கத்துக் கண்ணாடிலயே பாத்துக்கினு போனேன், இவரு கைய காட்டிக் கூப்புடுவாரான்னு. கூப்ட்டா எறங்கிடலாம்னுதான் இருந்தேன்."

இருபது வருஷத்தில் அவள் தன்னைப் பற்றி என்னிடம் சொன்ன முதல் விஷயம் அது. என் கை வழக்கம்போலப் பேனாவுக்குப் போனது. எனக்கே வெட்கமாகிவிட்டது.

"இத எழுதட்டுமா அண்ணி?" என்று கேட்டேன்.

"இப்பனாச்சும் கேட்டியே" என்றாள். "எழுதிக்கோ. ஆனா மொதல்ல அவருக்குப் படிச்சிக் காட்டு. எதையும் முழுங்காத."

அவள் சொன்னதையும் சேர்த்து எழுதி எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் மோட்டார் கொட்டகைப் பக்கம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முதல் வரியிலிருந்து படித்தேன். குழம்பு வருகிற இடத்தில் தரையைப் பார்த்துக்கொண்டார். பதினோரு பேர் சிரிக்கிற இடத்தில் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நிறுத்தச் சொல்லவில்லை. கடைசிவரை படித்து முடித்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"கண்ணாடில பாத்துக்கினு போனாளா?" என்று மட்டும் கேட்டார்.

ஆமாம் என்றேன்.